பெயர் தெரியாத பழைய கார் எஞ்சினை இனங்காணுதல்: யாழ்ப்பாணத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய காரின் பொனற்றைத் திறப்பவர், காரின் பெயரை வைத்து உள்ளே இருக்கும் எஞ்சினின் பெயரைச் சொல்லிவிட முடியாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தின் பின்னர், பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் வாகன உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது அரிதாகிப் போன காலத்தில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஒஸ்ரின் சொமர்செட், மொறிஸ் மைனர் போன்ற கார்களே மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மணமக்களையும் பொருட்களையும் சுமந்தன. அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகள், கிடைத்த பாகத்தைக் கிடைத்த எஞ்சினுக்குப் பொருத்தினார்கள். ஒரு காரின் ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) இன்னொரு காரின் புளொக்கில் (சிலிண்டர்கள் உள்ள உடற்பகுதி) ஏறியது. விபத்தில் சிதைந்த காரின் எஞ்சின் முழுமையாக வேறொரு காருக்குள் இறங்கியது. ஆகவே இன்று ஒரு தகரக் கொட்டிலில் தனியாகக் கிடக்கும் எஞ்சினையோ, பாட்டனார் காலத்துக் காரில் இருக்கும் எஞ்சினையோ இனங்காண விரும்புபவர், ஒரே ஓர் அடையாளத்தை நம்பாமல், ஒன்றிலொன்று தங்கியிராத பல அடையாளங்களைச் சேகரித்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அந்த அடையாளங்கள் எல்லாம் சமமான பெறுமதி உடையவை அல்ல. மாற்றுவதற்கு எளிதான பாகம் பலவீனமான சாட்சி; மாற்றுவதற்குக் கடினமான பாகம் வலுவான சாட்சி. கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ரிபியூட்டர், றொக்கர் மூடி ஆகியவற்றை ஒரு பிற்பகலுக்குள் கழற்றி மாற்றிவிடலாம். சிலிண்டர் ஹெட்டை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். புளொக்கையும், பிஸ்ரன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றியபடி அதற்குள் சுழலும் தண்டான கிராங்கையும் மாற்றினால் எஞ்சினே வேறாகிவிடும். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் தகவலுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பது விளங்கும்.

தொடங்குவதற்கு முன்

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு கொப்பி, பென்சில், கைபேசிக் கமெரா, ரோர்ச் லைற், இரும்பு அடிமட்டம், வேணியர் இடுக்கிமானி, மென்மையான தூரிகை, சிறிதளவு மண்ணெண்ணெய், வெள்ளைச் சோக்குக்கட்டி, மெல்லிய வெள்ளைத்தாள் ஆகியன போதும். கம்பித் தூரிகையையும் கிரைண்டரையும் எஞ்சினுக்கு அருகே கொண்டுவர வேண்டாம் என்பதே என் முதலாவது வேண்டுகோள். அடிக்கப்பட்ட இலக்கங்கள் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் ஆழம்கூட இல்லாதவை. துருவை அகற்றும் ஆர்வத்தில் அவற்றைத் தேய்த்துவிட்டால், அந்த எஞ்சினின் மிகச் சிறந்த சாட்சியை நீங்களே அழித்தவராவீர்கள். அதோடு, எஞ்சின் இலக்கம் தேய்க்கப்பட்ட வாகனம் பதிவு அலுவலகத்தில் வேண்டாத கேள்விகளுக்கும் உள்ளாகும்.

எஞ்சினைத் துடைப்பதற்கு முன்னரே நான்கு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் படம் எடுக்கவும். ஒயிலும் தூசும் படிந்திருக்கும் விதமே சில வேளைகளில் தகவல் தரும்: ஒரு பாகம் மட்டும் சுத்தமாக இருந்தால் அது அண்மையில் மாற்றப்பட்டது. உரிமையாளர் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அதைக் கண்ணால் கண்டவற்றோடு கலக்காமல் வேறொரு பக்கத்தில் எழுதுவது நல்லது. “இது ஏ40 எஞ்சின்” என்று அவர் உறுதியாகச் சொல்லக்கூடும். ஒஸ்ரின் நிறுவனம் ஏ40 என்ற பெயரை 1947இல் வெளிவந்த டெவனுக்கும், 1952இன் சொமர்செட்டுக்கும், 1954இன் ஏ40 கேம்பிரிட்ஜுக்கும், 1958இன் ஃபரீனாவுக்கும் இட்டது. டெவனிலும் சொமர்செட்டிலும் இருந்தது ஒஸ்ரினின் சொந்த 1200 சி.சி. எஞ்சின், ஏ40 கேம்பிரிட்ஜில் இருந்தது, ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து உருவான பீ.எம்.சி. நிறுவனத்தின் பீ சீரிஸ் வகையின் 1200 சி.சி. எஞ்சின், ஃபரீனாவில் இருந்தது அதே நிறுவனத்தின் சிறிய ஏ சீரிஸ் எஞ்சின். ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு எஞ்சின் குடும்பங்கள் இருப்பதால், உரிமையாளர் உண்மையே சொன்னாலும் உதிரிப்பாகம் வாங்குவதற்கு அது போதாது.

முதற் பார்வை: வால்வுகள் எங்கே?

முதலில் சிலிண்டர்களின் எண்ணிக்கையைப் பிளக்குகளைக் கொண்டு எண்ணவும். அடுத்து, வால்வுகள் ஹெட்டில் இருக்கின்றனவா, புளொக்கின் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவும். ஹெட் ஒரு தட்டையான தகடுபோலத் தாழ்ந்து, அதன் மேற்புறத்திலேயே பிளக்குகள் நின்றால், அது பக்கவால்வு எஞ்சின். 1948இல் அறிமுகமான முதலாவது மொறிஸ் மைனரின் 918 சி.சி. எஞ்சின், 1949 முதல் 1950களின் நடுப்பகுதி வரை ஹில்மன் மிங்ஸில் இருந்த 1265 சி.சி. எஞ்சின், போர்ட் பிரிபெக்ற்றின் 1172 சி.சி. எஞ்சின் ஆகியன இவ்வகை. ஹெட்டின் மேல் நீண்ட தகர மூடி ஒன்றிருந்து, அதைத் திறந்தால் றொக்கர் கைகள் தெரிந்தால், அது மேல்வால்வு எஞ்சின். குடாநாட்டில் எஞ்சியிருக்கும் பிரித்தானியக் கார்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இப்போது சாரதி ஆசனத்தில் இருந்து முன்னோக்கிப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, இடம் வலம் எழுதவும். இந்த ஒழுங்கை மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். எஞ்சினுக்கு முன்னால் நின்று பார்த்து இடம் வலத்தை மாற்றி எழுதிவிட்டால் பின்னர் ஒப்பிடும் ஒவ்வொன்றும் பிழைத்துவிடும். எஞ்சின் நிலத்தில் தனியாகக் கிடந்தால், காற்றாடியும் கப்பியும் உள்ள முனை முன்புறம், கிளச் உள்ள முனை பின்புறம். மானிபோல்ட் (எரிகலவையை உள்ளே கொண்டுவரும், புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) எந்தப் பக்கம், பிளக்குகள் எந்தப் பக்கம், டிஸ்ரிபியூட்டர் எந்தப் பக்கம் என்று குறிக்கவும். பீ.எம்.சி.யின் ஏ சீரிஸ், பீ சீரிஸ் இரண்டிலும் கார்புரேட்டரும் இரு மானிபோல்டுகளும் இடப்பக்கத்திலும், பிளக்குகளும் டிஸ்ரிபியூட்டரும் வலப்பக்கத்திலும் இருக்கும். உங்கள் எஞ்சினில் இது மாறியிருந்தால், மொறிஸ் மைனர் என்றோ கேம்பிரிட்ஜ் என்றோ யார் சொன்னாலும், அந்த இரு குடும்பங்களையும் பட்டியலிலிருந்து அகற்றிவிடலாம். பொருத்தும் பாகத்தை மாற்றலாம், ஆனால் புளொக்கிலும் ஹெட்டிலும் வார்க்கப்பட்ட துவாரங்களின் பக்கத்தை மாற்ற முடியாது என்பதால் இது வலுவான சாட்சி.

இலக்கங்களைத் தேடுதல்

எஞ்சினில் காணப்படும் இலக்கங்கள் இரண்டு வகைப்படும். மேற்பரப்பிலிருந்து புடைத்து நிற்பவை வார்ப்பு இலக்கங்கள். அவை இரும்பை வார்க்கும்போதே உருவானவை. உட்குழிந்து இருப்பவை பின்னர் அச்சால் அடிக்கப்பட்டவை. ஒரே வார்ப்பிலிருந்து வெவ்வேறு கொள்ளளவுள்ள எஞ்சின்களைக் கடைந்தெடுக்கலாம் என்பதால், வார்ப்பு இலக்கம் பெரும்பாலும் குடும்பத்தைச் சொல்லும். அடிக்கப்பட்ட இலக்கம் தனி எஞ்சினைச் சொல்லும். புதியவர்கள் பெரிதாகத் தெரியும் வார்ப்பு இலக்கத்தை எஞ்சின் இலக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்; பதிவுப் புத்தகத்தில் எழுதப்படுவது மற்றையதே.

வார்ப்பு இலக்கத்தை வாசிக்க, மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அழுக்கை அகற்றி, காய்ந்த பின் சோக்குக்கட்டியைப் படுக்கையாக வைத்து மெதுவாகத் தேய்த்தால் புடைத்த எழுத்துகள் வெண்மையாகத் தெரியும். அடிக்கப்பட்ட இலக்கத்தை வாசிக்க, அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கவும்; கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் தாளில் தோன்றும். ரோர்ச் லைற்றை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து இலக்கம் தெளியும். எங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால், நீர் கசிந்த எஞ்சின்களின் புளொக்கில் வெள்ளைப் படிவு கெட்டியாகப் பிடித்திருக்கும். அதை உளியால் தட்டாமல், வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து இளகச்செய்து, மரக்குச்சியால் நீக்க வேண்டும்.

பீ.எம்.சி. எஞ்சினானால், ஏ சீரிஸில் இலக்கத் தகடு புளொக்கின் வலப்பக்கத்தில் டைனமோவுக்கு மேலே இருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்நிறுவனம் பின்பற்றிய முறையில், இலக்கத்தின் தொடக்கமே எஞ்சினை விவரித்துவிடும். முதலில் வரும் எண் கொள்ளளவைக் குறிக்கும்: 9 என்பது 948 சி.சி., 10 என்பது 1098, 15 என்பது 1489, 16 என்பது 1622. அடுத்து வரும் எழுத்து அல்லது எழுத்துகள் வாகனத்தைக் குறிக்கும். பின்னர் கியர் மாற்றும் முறைக்கு ஓர் எழுத்து. அதற்குப் பின் எச் அல்லது எல், அதாவது உயர் அமுக்கம் அல்லது தாழ் அமுக்கம். கடைசியாகத் தொடர் இலக்கம். “9எம்-யு-எச்” என்று தொடங்கும் தகடு 948 சி.சி. மொறிஸ் மைனருக்குரியது, “10எம்ஏ-யு-எச்” என்பது 1098 சி.சி. மைனருக்குரியது. இதற்கு முந்திய மைனர்களில் வேறொரு முறை இருந்தது: “யுஎஸ்எச்எம்” என்று தொடங்குவது 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின், “ஏபிஎச்எம்” என்பது 803 சி.சி., “ஏபிஜேஎம்” என்பது ஆரம்பகால 948 சி.சி.

எச், எல் என்ற எழுத்தை இலேசாகக் கடந்துவிட வேண்டாம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மதிப்பு பெற்றோலை விட மிகக் குறைவு. உயர் அமுக்கத்தில் அது நேரத்துக்கு முன்னரே தீப்பற்றி எஞ்சினைத் தட்டச்செய்யும். ஆகவே எச் என்று அடிக்கப்பட்ட எஞ்சின் பல ஆண்டுகள் மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால், அதன் அமுக்கத்தைக் குறைக்கும் மாற்றங்கள், உதாரணமாக ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே தடித்த அல்லது இரட்டைக் கஸ்கற், உள்ளே இருக்கின்றனவா என்று ஹெட்டைக் கழற்றும்போது பார்க்க வேண்டும்.

தகட்டை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அது ஆணியால் பொருத்தப்பட்டது. கழற்றி வேறு புளொக்கில் வைக்கலாம். ஆணிகளுக்குப் பதிலாகத் திருகாணிகள் இருந்தாலோ, தகட்டைச் சுற்றிய பெயின்ற் உடைந்திருந்தாலோ சந்தேகிக்கவும். அதேபோல், தொழிற்சாலையிலேயே புதுப்பிக்கப்பட்டு மாற்று எஞ்சினாக விற்கப்பட்ட “கோல்ட் சீல்” எஞ்சின்கள் பொன்னிறம் பூசப்பட்டு வந்தன. அவற்றின் இலக்கங்கள் மேற்சொன்ன முறைக்குள் அடங்கா. பெயின்ற் உரிந்த இடத்தில் பொன்னிறம் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளவும்.

மரைகள் சொல்வது

இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது பயனுடையது. 1950க்கு முந்திய பிரித்தானிய எஞ்சின்களில் பெரும்பாலும் விற்வேர்த் குடும்ப மரைகளும் அவற்றுக்குரிய ஸ்பனர் அளவுகளும் இருக்கும். அதன் பின்னர் யுனிபைட் மரைகள் வந்தன. அவற்றின் போல்ட் தலையிலோ பக்கத்திலோ சிறிய வட்டங்கள் தொடராகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மில்லிமீற்றர் ஸ்பனர் எல்லாப் போல்ட்டுக்கும் இறுக்கமாகப் பொருந்தினால் பிரெஞ்சு, இத்தாலிய, யப்பானிய எஞ்சின்களை நோக்கித் திரும்பவும். மொறிஸ் நிறுவனத்தின் சில பழைய எஞ்சின்களில் மரை மில்லிமீற்றர் அளவிலும் தலை விற்வேர்த் அளவிலும் இருந்தன என்பதால், ஸ்பனரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் மரையையும் அளக்க வேண்டும்.

அளவெடுத்தல்

கொள்ளளவைக் கணக்கிடுவதற்கு மூன்று எண்கள் வேண்டும்: சிலிண்டரின் விட்டம், பிஸ்ரனின் ஓட்டம் (அது மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே செல்லும் தூரம்), சிலிண்டர்களின் எண்ணிக்கை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஓட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, பின்னர் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அளவுகளைச் சென்ரிமீற்றரில் எடுத்தால் விடை நேரடியாக சி.சி.யில் வரும். 6.294 செ.மீ. விட்டமும் 7.62 செ.மீ. ஓட்டமும் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு விடை ஏறத்தாழ 948. இதுவே மொறிஸ் மைனர் 1000இன் ஏ சீரிஸ் எஞ்சின்.

கணக்கு எளிது, அளவை எடுப்பதிலேயே கவனம் வேண்டும். ஹெட் கழற்றப்பட்டிருந்தால் பிஸ்ரனை மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் நிறுத்தி, புளொக்கின் மேற்பரப்பிலிருந்து ஆழத்தை இரு தடவையும் அளந்து கழித்தால் ஓட்டம் கிடைக்கும். ஹெட் கழற்றப்படாவிட்டால் பிளக் துவாரத்தின் வழியே மெல்லிய மரக்குச்சியை விட்டு அளக்கலாம். ஆனால் ஏ சீரிஸ், பீ சீரிஸ் எஞ்சின்களில் அந்தத் துவாரம் சாய்வாக இருப்பதால் அளவு மெய்யானதாக இராது. எஞ்சினைக் கையால் சுற்றுவதற்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூற்றலில் வைத்து, பிளக்குகளை அகற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு ஓரிரு நாட்கள் ஊறவிட வேண்டும். சுற்ற மறுக்கும் எஞ்சினை நீண்ட பைப் மாட்டி வலிந்து சுற்றினால் பிஸ்ரன் வளையங்கள் உடையும்.

விட்டத்தைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்து எஞ்சின்களில் ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் சிலிண்டர் சுவரைக் காக்காது, சுவர் தேயும், தேய்ந்த சிலிண்டரை மீண்டும் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்ரன் போட வேண்டிவரும். இதையே மெக்கானிக்குகள் றீபோர் என்கிறார்கள். பெரிய பிஸ்ரன்கள் பொதுவாக அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 30, 40, 60 என்ற படிகளில் கிடைத்தன. அறுபது என்றால் 1.52 மி.மீ. அதிகம். 948 சி.சி. எஞ்சினின் மூல விட்டமான 62.94 மி.மீ. இப்படிப் பெரிதாக்கப்பட்டால் 64.46 மி.மீ. ஆகிவிடும். 1098 சி.சி. எஞ்சினின் மூல விட்டம் 64.58 மி.மீ. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தேய்ந்த சிலிண்டரில் சாதாரண இடுக்கிமானியால் கண்டுபிடிக்க முடியாது. விட்டத்தை மட்டும் அளந்து 1098 என்று முடிவெடுத்து, அதற்குரிய கிராங் பெயாரிங்கையும் பிஸ்ரனையும் கொழும்பிலிருந்து வரவழைப்பவர் பணத்தை இழப்பார். ஓட்டமே இங்கே தீர்ப்புச் சொல்லும்: 948இல் அது 76.2 மி.மீ., 1098இல் 83.72 மி.மீ. ஏழரை மில்லிமீற்றர் வேறுபாடு மரக்குச்சிக்கும் அகப்படும்.

பீ சீரிஸில் நிலைமை தலைகீழானது. 1489 சி.சி., 1622 சி.சி. இரண்டிலும் ஓட்டம் 88.9 மி.மீ. தான், விட்டம் முறையே 73.03 மி.மீ., 76.2 மி.மீ. 1489 எஞ்சினை அறுபது வரை பெரிதாக்கினாலும் 74.55 மி.மீ.க்கு மேற்போகாது என்பதால், இங்கே விட்டத்தைக் கொண்டு பிரித்தறியலாம். எந்தக் குடும்பத்தில் எந்த அளவு தீர்மானிக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு அளக்கப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

விட்டத்தை அளக்கும்போது சிலிண்டரின் மிக மேல் விளிம்பில், வளையங்கள் தொடாத ஒடுங்கிய பட்டையில், ஒரு தடவை அளக்கவும். அது தேயாத இடம் ஆதலால் கடைசியாகக் கடைந்த அளவைக் காட்டும். பிஸ்ரனின் மேற்பரப்பைத் துடைத்தால் 020, 030 என்று எண் அடித்திருக்கும். அளந்த விட்டத்திலிருந்து அதைக் கழித்தால் மூல விட்டம் வரும். சிலிண்டரின் மேல் விளிம்பில் மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால், மிகவும் தேய்ந்த சிலிண்டருக்குள் உறை இறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உறைகளைப் பற்றிச் சொல்லும்போது, தடித்த உறைகள் நேரடியாக நீரில் நிற்கும் எஞ்சின்களையும் குறிப்பிட வேண்டும். பீஜோ 203 (75 மி.மீ. விட்டம், 73 மி.மீ. ஓட்டம், 1290 சி.சி.), பீஜோ 403 (80 மி.மீ., 73 மி.மீ., 1468 சி.சி.) ஆகியன அப்படிப்பட்டவை. ஸ்ரான்டர்ட் வான்கார்ட்டின் 2088 சி.சி. எஞ்சினும் (85 மி.மீ., 92 மி.மீ.) அத்தகையதே. இதே எஞ்சின் குடும்பம் சாம்பல்நிற பேர்குசன் உழவு இயந்திரத்திலும் இருந்தது. அதன் ஒரு வகை மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடுவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. ஆகவே வான்கார்ட் எஞ்சின் என்று சொல்லப்படுவது வயலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அளவுகள் ஒத்துப்போனாலும் எஞ்சின் வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு மிக நல்ல உதாரணம் ஸ்ரான்டர்ட் நிறுவனத்தின் சிறிய எஞ்சின்கள். ஸ்ரான்டர்ட் எய்ற் 803 சி.சி., 58 மி.மீ. விட்டம், 76 மி.மீ. ஓட்டம், ஒஸ்ரின் ஏ30உம் 803 சி.சி., அதே 58, அதே 76. ஸ்ரான்டர்ட் ரென் 948 சி.சி.; மொறிஸ் மைனர் 1000உம் 948 சி.சி. இரு நிறுவனங்களும் தனித்தனியே வடிவமைத்த, ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாத எஞ்சின்கள் இவை. போர்ட் கொன்சல் முதலாம் வகையும் வொக்ஸோல் விக்ரர் முதலாம் வகையும் இப்படியே ஒரே விட்டமும் (79.37 மி.மீ.) ஒரே ஓட்டமும் (76.2 மி.மீ.) உடையன. 76.2 மி.மீ. என்பது மூன்று அங்குலம். பிரித்தானிய வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த முழு எண். ஹில்மனின் மேல்வால்வு எஞ்சின்களிலும் அதே ஓட்டம் வருகிறது: 1390 சி.சி.யில் விட்டமும் ஓட்டமும் சமமாக 76.2, 1494இல் விட்டம் 79, 1592இல் 81.5.

யப்பானிய எஞ்சினிலும் ஒஸ்ரினின் அளவு எதிர்ப்படலாம் என்பதை அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்துகொண்டு அதன் கார்களைத் தயாரித்த நிஸான் நிறுவனம், 1489 சி.சி. எஞ்சினின் 73 மி.மீ. விட்டத்தை வைத்துக்கொண்டு ஓட்டத்தை 59 மி.மீ. ஆகக் குறைத்து 988 சி.சி. எஞ்சினை உருவாக்கியது. நிஸானின் பழைய டட்சன் கார் எஞ்சின் ஒன்றைப் பார்த்து “இது கேம்பிரிட்ஜின் சாயல்” என்று ஒரு முதிய மெக்கானிக் சொன்னால், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

எரியும் ஒழுங்கு

அளவுகள் தீர்க்காத இடத்தில் எரியும் ஒழுங்கு, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, உதவும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காற்றாடிப் பக்கத்திலுள்ள முதலாம் துவாரத்தை விரலால் மூடி, எஞ்சினை முன்னிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றச் சொல்லவும். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும். அடுத்த அரைச்சுற்றில் காற்றைத் தள்ளுவது இரண்டாம் துவாரமா, மூன்றாம் துவாரமா என்று பார்த்தால் போதும். இரண்டாவதானால் ஒழுங்கு 1-2-4-3; மூன்றாவதானால் 1-3-4-2. பீ.எம்.சி., ஹில்மன், ஸ்ரான்டர்ட் எஞ்சின்கள் 1-3-4-2 என்ற ஒழுங்கைச் சேர்ந்தவை. போர்ட்டின் அக்காலப் பிரித்தானிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில், பக்கவால்வு 1172 முதல் 1959இல் வந்த அங்லியாவின் 997 சி.சி. வரை, 1-2-4-3 என்ற ஒழுங்கே இருந்தது. கிராங்கும், வால்வுகளைத் திறக்கும் கம் தண்டும் சேர்ந்து தீர்மானிக்கும் இந்த ஒழுங்கை எவரும் வெளியிலிருந்து மாற்ற முடியாது. பிளக் வயர்கள் போகும் வரிசையைப் பார்த்து இதை எழுதக் கூடாது. ஓடாமல் கிடக்கும் எஞ்சினில் வயர்கள் பிழையாக மாட்டப்பட்டிருப்பது சாதாரணம்.

துணைப் பாகங்கள்

டைனமோவிலும் டிஸ்ரிபியூட்டரிலும் லூக்காஸ் நிறுவனத்தின் பாக இலக்கமும் தயாரித்த காலமும் சிறிதாக அடிக்கப்பட்டிருக்கும். எழுதி வைக்கவும், ஆனால் அவை அந்தப் பாகத்தின் வயதையே சொல்லும். கார்புரேட்டரின் பெயருக்கும் அதற்கு மேல் மதிப்பளிக்க வேண்டாம். கார்புரேட்டரின் வாயில் யாரோ துளைத்த சிறு துவாரமோ ஒட்டிய குழாயோ இருந்தால், எஞ்சினைப் பெற்றோலில் இயக்கிச் சூடேற்றி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய காலத்தின் அடையாளமாக அது இருக்கலாம். அதை அகற்றுவதற்கு முன் படமெடுத்து வைப்பது நல்லது.

உறுதிப்படுத்தல்

சேர்த்த சாட்சிகளை இப்போது ஒரே பக்கத்தில் எழுதவும்: வால்வு வகை, மானிபோல்ட் பக்கம், அடிக்கப்பட்ட இலக்கம், வார்ப்பு இலக்கம், மரை வகை, விட்டம், ஓட்டம், எரியும் ஒழுங்கு. இவற்றோடு நீங்கள் ஊகிக்கும் எஞ்சினின் பணிமனைக் கைநூலை ஒப்பிடவும். ஹெட் கழற்றப்பட்டிருந்தால், பழைய கஸ்கற்றை நகரத்து உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதியதோடு வைத்துப் பார்ப்பது மிகவும் நம்பகமான சோதனை. நீர்த் துவாரங்களும் ஸ்ரட் துவாரங்களும் ஒன்றுவிடாமல் பொருந்த வேண்டும். ஒரே குடும்பத்துக்குள் மட்டும் இது ஏமாற்றக்கூடும்: 1098 எஞ்சினின் ஹெட் 948 புளொக்கில் ஏறி உட்காரும். இந்தியாவில் 1950களின் இறுதியிலிருந்து தயாரான அம்பாசடர் காரிலும் 1489 சி.சி. பீ சீரிஸ் எஞ்சின் இருந்ததால், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலோ இந்திய வார்ப்பு அடையாளம் உள்ள ஹெட்டைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. புளொக்கைத் தனியாகவும் ஹெட்டைத் தனியாகவும் இனங்கண்டு, இரண்டையும் கொப்பியில் வேறுவேறாகப் பதியவும்.

சாட்சிகள் முரண்பட்டால், மேலே சொன்ன வரிசைப்படி மாற்றக் கடினமானதன் பக்கம் நிற்கவும். தகடு 1098 என்றும் ஓட்டம் 76.2 என்றும் சொன்னால், ஓட்டத்தை நம்பித் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஊரிலுள்ள முதிய மெக்கானிக்குகளிடம் போவதற்கு இதுவே சரியான தருணம். வெறுங்கையோடு போய் “இது என்ன எஞ்சின்” என்று கேட்பதைவிட, அளவுகளோடு போய் “ஐயா, தகடு இப்படிச் சொல்கிறது, ஓட்டம் இப்படி வருகிறது, இங்கே என்ன நடந்திருக்கும்” என்று கேட்டால், எந்த ஆண்டில் யார் எந்தப் புளொக்கை எங்கிருந்து எடுத்துப் போட்டார்கள் என்ற விவரம்கூட வெளிவரும். அதை அவர்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளவும். கார் தொழிற்சாலையிலிருந்து எந்த எஞ்சினோடு புறப்பட்டது என்று அறிய விரும்பினால், இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், ஒஸ்ரின், மொறிஸ் உள்ளிட்ட பல வகைக் கார்களுக்குத் தயாரிப்புப் பதிவேடுகளிலிருந்து கட்டணத்துக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதற்குச் சசி இலக்கம், அதாவது காரின் அடிச்சட்ட இலக்கம், தேவை.

கடைசியாக, இனங்கண்ட எஞ்சினின் அடிக்கப்பட்ட இலக்கத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவும். இரண்டும் வேறாக இருந்தால், எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டுப் பதியப்படாமல் விடப்பட்டிருக்கிறது. திருத்த வேலைக்குப் பணம் செலவிடுவதற்கு முன்னரே, எடுத்த படங்களையும் பென்சில் பிரதியையும் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சீர்செய்யும் வழியைக் கேட்டறிந்து, அதன் பின்னரே ஹெட் நட்டுகளில் ஸ்பனரை வைக்கவும்.